கிடப்பதெல்லாம் கிடைத்துவிடுமா?

தொழில்நுட்பக் கல்விக்கென்று பொதுவில் ஓர் இணைய நூலகம் வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் பட்டறையில் கை கறுத்தவர்களும் சேர்ந்து எழுதி, சேர்ந்து திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். இப்படிப் பேச்செடுத்தால் அடுத்த நிமிடமே ஒரு பதில் வரும்: "அதான் எல்லாம் யூடியூப்லயே கிடக்கே சார்!" ஆசிரியர் அறையில் சொல்கிறார்கள், துறைக் கூட்டத்தில் சொல்கிறார்கள், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் சொல்கிறார்கள். அண்மையில் அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது: "இல்லேன்னா ஏஐ-கிட்டக் கேட்டாப் போச்சு."

இந்தப் பதிலில் ஒரு சொல் மிகப் பொருத்தமாக விழுந்திருக்கிறது. கிடக்கிறது என்கிறார்களே, அது உண்மை. கிடக்கத்தான் செய்கிறது. கிடப்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவே ஓர் ஐகாரம்தான் வித்தியாசம். ஆனால் மாணவனின் பட்டறை வகுப்பு முழுவதும் அந்த ஐகாரத்துக்குள் விழுந்து காணாமல் போவதைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழைய லேத் இருந்தது. அதன் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 4 மரை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு அதில் 1.5 மில்லிமீட்டர் பிட்ச்சில் மரை வெட்டும் வேலை. முந்தின இரவே மூன்று வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான். மூன்றுமே நல்ல வீடியோக்கள்தாம். மிஷின் முன்னால் வந்ததும் விழித்தான். "சார், வீடியோவுல லீவரைத் தள்ளி நம்பரை வெச்சாப் போதும்னாங்க. இதுல லீவரே இல்லையே சார்." அவன் பார்த்த லேத்துகளில் நார்ட்டன் கியர் பெட்டி உண்டு. எங்களுடையதில் கியரைக் கழற்றி வேறு கியர் மாட்டித்தான் பிட்ச்சை மாற்ற வேண்டும்.

பக்கவாட்டுக் கியர் மூடியைத் திறக்கச் சொன்னேன். அதன் உள்பக்கம் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த பயிற்றுநர் அட்டையில் தமிழில் எழுதி, வார்னிஷ் அடித்து ஒட்டியது. 1 மில்லிமீட்டர் பிட்ச்சுக்கு டிரைவர் கியர் 20 பல், டிரிவன் கியர் 127 பல். 1.5-க்கு 30, 127. 2-க்கு 40, 127. 2.5-க்கு நேரே 45 என்று எழுதியிருந்ததை யாரோ வேறு மையில் அடித்து 50 ஆக்கியிருந்தார்கள். ஏன் 127 என்பதும் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை முழு எண்ணாக்க 5-ஆல் பெருக்கினால் 127. பையன் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

நான் கேட்கும் நூலகம் ஏறக்குறைய அந்த மூடிதான். எந்த மிஷினுக்கு என்பதில் அங்கே குழப்பம் இல்லை. எழுதியவர் யாரென்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். காரணமும் சொல்லியிருந்தது. தப்பைக் கண்டவர் பேனாவை எடுத்துத் திருத்த யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. வீடியோவில் ஒருவர் 45 என்று சொல்லிவிட்டால் அது காலத்துக்கும் 45. கண்டுபிடித்தவர் எழுதும் திருத்தம் நானூறு 'சூப்பர் அண்ணா'க்களுக்கு அடியில் புதைந்துவிடும். வீடியோ போட்டவரோ அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இதைச் சொல்ல நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சீர்காழிக்காரர் ஒருவர் 1931இலேயே எழுதிவைத்துவிட்டார். எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது: அதை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்றார். யூடியூபை இந்த ஒரு விதிக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். பார்ப்பவரை முடிந்த மட்டும் உட்காரவைத்து, அந்த நேரத்தை விளம்பரக்காரருக்கு விற்பதுதான் அதன் தொழில். தொழில் செய்வது குற்றமில்லை. ஆனால் கடைத்தெருவைக் காட்டி "இதுதான் நூலகம், வேறெதற்கு?" என்பவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ரங்கநாதன் லண்டனில் படிக்கப் போயிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மை விளக்கத்தைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகுகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு நூலின் பொருளையும் அப்படிக் கூறு கூறாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டிக் குறிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் வித்து. எங்கள் மாணவனுக்கு வேண்டியிருந்ததும் அதுவே: லேத், மரை வெட்டுதல், சேஞ்ச் கியர், அங்குல லீட் ஸ்க்ரூ, மெட்ரிக் பிட்ச், தமிழ். இந்த ஆறு கூறுகளும் குறித்துவைத்த ஒரு பக்கம் இருந்திருந்தால் முந்தின இரவே அவனுக்குக் கிடைத்திருக்கும். தேடல் பொறியால் இதைத் தானாகச் செய்ய முடியாது. வீடியோவுக்குத் தலைப்பு வைத்தவர் எந்த மிஷின் என்று சொல்லாமல் விட்டால் அதற்கு எப்படித் தெரியும்? மிஷின் முன் நின்ற ஒருவர் உட்கார்ந்து குறிக்க வேண்டிய வேலை அது.

செயற்கை நுண்ணறிவு கணக்கைச் சரியாகவே போடும் என்று வைத்துக்கொள்வோம். 30-க்கு 127 என்று நொடியில் சொல்லட்டும். எங்கள் அலமாரியில் 127 பல் கியர் இருக்கிறதா என்று அது கேட்குமா? இல்லாத பட்டறையில் 63 பல் கியரை வைத்துச் சமாளிக்கிறார்கள். அதில் நூற்றுக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேலான பிழை வரும். சின்ன போல்ட்டுக்கு அது தாங்கும், நீள மரைக்குத் தாங்காது. இந்த மாதிரிச் சங்கதிகள் பழைய பயிற்றுநர்களின் வாயில் இருக்கின்றன, தமிழில் எழுத்தில் அரிதாகவே இருக்கின்றன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தமிழில் எழுதப்படாத தொழிலறிவைத் தமிழில் எடுத்துக்கொடு என்று எந்த இயந்திரத்தைக் கேட்டாலும் அது பூசி மெழுகித்தான் கொடுக்கும். ஏஐ வந்துவிட்டதால் நூலகம் வேண்டாம் என்பது, மிக்ஸி வந்துவிட்டதால் அரிசி வேண்டாம் என்பதுபோல் இருக்கிறது.

"தேடக் கஷ்டம், சரி. இருந்த இடத்திலாவது இருக்குமல்லவா?" என்றால், அதுவும் உறுதியில்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை 2022 முதல் நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று கூகுள் சுருக்கியது. அது அவர்கள் இடம். சுருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நம்முடையது என்று நாம் நினைத்ததுதான் தவறு.

2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. பாடம் நடத்த உலகெங்கும் அதில் செய்துவைத்திருந்த அசையும் படங்கள் அதோடு ஓடாமல் நின்றன. பாடநூலோடு இலவசமாக வந்த குறுந்தகடுகள் எங்கள் அலமாரியில் இன்னும் அடுக்கியிருக்கின்றன, கண்ணாடிபோலப் பளபளப்பாக, எதற்கும் உதவாமல். ஆனால் அதே ஃபிளாஷிலும் ஜாவாவிலும் செய்யப்பட்ட 'ஃபெட்' செய்முறைப் பாடங்கள் பிழைத்துக்கொண்டன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அந்தத் திட்டம். மூலநிரல் கையில் இருந்தது, பொறுப்பேற்க ஒரு குழு இருந்தது. அவற்றில் பலவற்றை எச்டிஎம்எல்5-க்கு மாற்றி எழுதினார்கள். உலகின் பல மொழிகளில் இன்று ஓடுகின்றன. இரண்டுக்கும் தொழில்நுட்பத்தில் வேறுபாடு இல்லை. ஒன்றுக்கு ஆள் இருந்தார்கள், மற்றதற்கு இல்லை.

இனி, விவரம் அறிந்தவர்களின் மறுப்பு: "அரசாங்கமே இதையெல்லாம் செய்கிறதே!" செய்கிறது. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இல்லாவிட்டால் நானே சில பாடங்களைப் பாதிப் புரிதலோடு நடத்திக்கொண்டிருப்பேன். காரக்பூர் ஐஐடி கட்டிய தேசிய மின்நூலகம் 2018இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) பொறியியல் பாடநூல்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. சென்னை கிண்டியில் 1986இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய நிறுவனம், இன்றைய நிமி, ஐடிஐ மாணவர்களுக்குத் தொழிற்பிரிவு வாரியாகத் தமிழிலும் புத்தகம் போடுகிறது. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் இவற்றில் கொடுக்கல் உண்டு, வாங்கல் இல்லை. மேலிருந்து கீழே வருகிறது, அத்தோடு முடிந்தது. பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் ஒரு பயிற்சிக் கணக்கை எளிமையாக்கினால், ஒரு படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருப்பதைக் கண்டால், அதைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வாசல் வேண்டாமா? என்பிடெல் பாடங்கள் எடுத்தாளவும் திருத்தவும் இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. உரிமம் இருக்கிறது, திருத்தியதை வைக்கப் பொது அலமாரி இல்லை. அதனால் என்ன நடக்கிறது? எம்-ஸ்கீம் பாடத்திட்டம் போய் என்-ஸ்கீம் வந்தபோது, தமிழ்நாட்டின் நானூறுக்கும் மேற்பட்ட பாலிடெக்னிக்குகளில் நானூறு பேர் தனித்தனியாக உட்கார்ந்து அதே நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் படத்தை வரைந்தோம். அதுவும் மாறியபோது மறுபடி வரைந்தோம். ஒருவர் வரைந்தது அடுத்த ஊருக்குத் தெரியாது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் எல்லாம் தெரியும். எந்த சாரின் நோட்ஸ் நன்றாகப் போகிறது என்பது உட்பட. உள்ளபடி சொன்னால் இன்று நம்மிடம் இருக்கும் ஒரே பொதுத் தொழில்நுட்ப நூலகம் அவருடைய கடைதான்.

உரிமை என்றதும் இன்னொன்று. 1960களிலும் 70களிலும் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நடத்துவதற்காக அரசே நூற்றுக்கணக்கில் பாடநூல் வெளியிட்டது. வேதியியலும் பொறியியலும் தமிழில் ஓடுமா என்று ஊரே கேட்ட காலத்தில் ஓட்டிக்காட்டிய புத்தகங்கள் அவை. இன்று பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஒளிவருடிய பக்கங்களாக இருக்கின்றன. படிக்கலாம். ஆனால் பழைய அலகை மாற்றி, காலாவதியான அத்தியாயத்தை நீக்கி, மீதியைப் புதுப் பாடமாக்க முடியுமா? அரசு வெளியிட்ட படைப்புக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. 1972இல் வந்த ஒரு நூலைத் தொட 2032 முடிய வேண்டும். அதற்குள் அதில் உள்ள மிஷின்களே இரும்புக் கடைக்குப் போய்விடும்.

பாரதியின் எழுத்துரிமையை 1949இல் விலைக்கு வாங்கி, பிறகு மக்களுக்கே கொடுத்த மண் இது. நாட்டுடைமை என்ற சொல்லை எழுத்தாளர்களுக்கு நாம் பயன்படுத்துகிற மாதிரி வேறெங்கும் பயன்படுத்திக் கேட்டதில்லை. கவிதையை நாட்டுடைமையாக்கத் தெரிந்தவர்களுக்கு, மக்கள் வரிப்பணத்தில் எழுதிய வெல்டிங் பாடத்தை நாட்டுடைமையாக்க ஏன் கை வரவில்லை?

"உழைத்தவன் சும்மா கொடுப்பானா?" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் சம்பளமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிவரும் 'நூலகம்' எந்த அரசுக்கும் காத்திருக்கவில்லை. 2012 முதல் 'கணியம்' லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி விட்டிருக்கிறது. கொடுக்க ஆள் இல்லை என்பது கேட்டே பார்க்காதவர்களின் கணிப்பு.

விற்றால்தான் நிலைக்கும் என்பதற்கும் வரலாறு துணை நிற்கவில்லை. 2000இல் கொலம்பியா பல்கலைக்கழகம் இணையப் பாடத்தை விற்க 'ஃபாதம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு எம்ஐடி தன் பாடக்குறிப்புகளை உலகுக்கு இலவசமாகத் திறப்பதாக அறிவித்தது. பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஃபாதம் 2003இல் மூடப்பட்டது. எம்ஐடியின் திறந்த பாடத்தளம் இருபது ஆண்டு தாண்டியும் ஓடுகிறது. எம்ஐடி பணக்காரப் பல்கலைக்கழகம் என்பீர்கள். அதுவும் பொறுப்பேற்ற ஒரு நிறுவனம் என்றுதான் நான் பொருள் கொள்கிறேன்.

கனமான மறுப்பு தரம் பற்றியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் குப்பை சேராதா? சேரும், வாசலில் ஆள் இல்லாவிட்டால். பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடமும் பத்து நிமிட அளவு. பேசுவதற்கு முன் முழு வசனமும் எழுத்தில் வேண்டும். துறை தெரிந்தவர் பார்ப்பது ஒரு பக்கம். அந்த மென்பொருளைத் தொட்டிராத ஒருவர் வசனத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி செய்துபார்ப்பது இன்னொரு பக்கம். அவர் எங்கே தடுக்கினாரோ அங்கே திருத்தம். எழுத்தில் இருப்பதால்தான் தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் எளிதாகப் போகிறது. இந்தச் சோதனை நம் தேர்வுக் கால 'லோக்கல் ஆத்தர்' புத்தகங்களில் எதற்காவது நடந்திருக்கிறதா? ஒரு கணக்கின் தப்பான விடை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பதிப்பு பதிப்பாகக் குடிபெயர்ந்து போவதை விடைத்தாள் திருத்துகிற எவரும் பார்த்திருப்பார். அச்சில் வந்ததாலேயே அதைத் தரம் என்று ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசியாக, "வேலைக்கு இங்கிலீஷ்தானே, தமிழில் எதற்கு?" அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், 1847இல் வந்து, பிறகு மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, உடற்கூறு முதல் பல பாடங்களுக்கு நூலும் ஆக்கினார். கற்பிக்க முடியுமா என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது. தீராதது வேறு: 1873இல் அவர் ஊர் திரும்பிய பின் அந்த வழி நீளவில்லை. நூல்களைத் தொடர்ந்து புதுப்பிக்க ஆள் இல்லாமல் அவை நின்ற இடத்திலேயே நின்றன. தமிழில் தொழில்நூல் எழுதியவர்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அவர்கள் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள ஓர் இடம்தான் இருந்ததில்லை. மொழியைப் பற்றிய பயம் வேண்டாம். பட்டறைத் தமிழ் லேத்தையும் சக்கையும் எப்போதோ தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது.

ஆர்வலர்கள் ஓய்ந்துபோவார்கள் என்பது உண்மை. ஆகவேதான் ஆர்வலர்களிடம் மட்டும் விடக் கூடாது என்கிறேன். விடுதலைக்குப் பின் இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதன் பின்னாலும் ரங்கநாதன் இருந்தார். அந்தச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஊர்தோறும் நூலகருக்குச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்ட சமூகம், இணையத்தில் தொழில்நுட்பப் பாடங்களைக் காக்கப் பத்து நூலகர்களை வைத்தால் கஜானா காலியாகிவிடாது. வேலை இன்னதென்றும் தெரியும்: வாங்குவது, குறிப்பது, செய்துபார்க்கச் சொல்வது, திருத்தத்தை ஏற்பது, கோப்பு வடிவம் சாகும் முன் மாற்றிவைப்பது.

அந்த லேத் கண்டமாகி ஏலம் போய்விட்டது. எடைக்கு எடுத்தவர்கள் மூடியோடு சேர்த்துத்தான் ஏற்றினார்கள். அட்டவணையைப் பிரித்து எடுக்க வேண்டும், குறைந்தது செல்போனில் ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இன்னொரு கல்லூரியில் அதே மாதிரி லேத் இன்னும் ஓடுவதாகச் சொல்லிப் போன மாதம் ஓர் ஆசிரியர் போனில் கேட்டார்: "2.5 பிட்ச்சுக்கு என்ன கியர் சார்?" 50-க்கு 127 என்றேன். 45-ஐ அடித்துவிட்டு 50 என்று எழுதியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.